சட்டி, சொம்பு, கருவாடு: கலப்பு ஊடகத்தில் முதல் அசையாப்பொருள் ஓவியம்

கரி, மை, வண்ணம் எனப் பல வரைபொருள்களை ஒரே படத்தில் சேர்க்கும் கலப்பு ஊடகத்தில் வரையத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்வது, வீட்டில் இருக்கும் எல்லா வண்ணங்களையும் ஒரே தாளில் இறக்கிவிடுவதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் மொட்டை மாடியில் ஒரு குத்துவிளக்கையும் இரண்டு வாழைப்பழங்களையும் வைத்து, கரித்துண்டு, போஸ்டர் கலர், ஆயில் பேஸ்டல், ஸ்கெட்ச் பேனா, ஜிகினாத்தாள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தினேன். மாலைக்குள் கரியும் வண்ணமும் குழம்பிச் சாக்கடை நிறத்துக்கு வந்துவிட்டன. தாள் பொரித்த அப்பளம்போல் நெளிந்துவிட்டது. ஜிகினாத்தாள் மட்டும் பளபளத்துக்கொண்டிருந்தது. அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து நான் கற்றுக்கொண்ட விதியை இந்தக் கட்டுரை முழுவதும் பின்பற்றப் போகிறேன். ஒரு பொருளின் மேற்பரப்பு கேட்காத ஊடகத்தைப் படத்துக்குள் கொண்டுவரக் கூடாது; கொண்டுவந்த ஊடகத்தையும் அதன் முறை வருவதற்கு முன்பு தாளில் வைக்கக் கூடாது.

பொருள்களைத் தேர்ந்தெடுத்தல்

ஓவியக் கல்லூரி மாணவர்கள் ‘ஸ்டில் லைஃப்’ என்று சொல்லும் அசையாப்பொருள் ஓவியத்துக்கு மூன்று பொருள்கள் போதும். அவற்றின் உருவம் வேறுபடுவதைவிட, தொட்டால் மூன்றும் மூன்று விதமாக இருப்பது முக்கியம். இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்பவை, அடுப்பில் ஏறி இறங்கிப் புகைபிடித்த ஒரு மண்சட்டி, புளி போட்டுத் துலக்கிய ஒரு பித்தளைச் சொம்பு, பழைய செய்தித்தாளின்மேல் வைத்த ஒரு வாளைக் கருவாடு ஆகியவை. புதுச்சேரி அருகே உள்ள வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது உண்மைதான் என்றாலும், அலங்காரச் சுடுமண் பொருளைவிட உங்கள் வீட்டு மீன்குழம்புச் சட்டியே இந்தப் பயிற்சிக்கு ஏற்றது. அதன் அடியில் படிந்திருக்கும் கரியும் விளிம்பில் வழிந்து காய்ந்த குழம்பின் தடமும் நமக்கு வேலை தரும்.

கருவாட்டைக் கடலூர் முதுநகரிலோ புதுச்சேரி குபேர் அங்காடியிலோ வாங்கிக்கொள்ளலாம். ஒருமுறை நான் வரைவதற்காக என்று சொல்லிக் கேட்டபோது, கருவாட்டுக்கார அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, “அப்போ வாலு ஒடையாததா எடுத்துக்கோ தம்பி, குழம்புக்குன்னா எதுன்னாலும் ஆவும்” என்றார். அதைவிடத் தெளிவான அறிவுரையை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: இரவில் கருவாட்டைத் திறந்த ஜன்னலருகே விட்டுவிட்டுத் தூங்கினேன், காலையில் செய்தித்தாள் மட்டுமே மிஞ்சியிருந்தது. அசையாப்பொருள் என்ற வகைப்பாட்டைப் பூனைகள் ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே ஒரு கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் அம்மிக்குழவியை வையுங்கள். கருவாடு வீட்டுக்குள் வரக்கூடாத இல்லங்களில் உரிந்த தோலோடு ஒரு முழுப்பூண்டை வைத்துக்கொள்ளலாம். அந்தத் தோலின் மங்கலான மினுமினுப்புக்கும் கருவாட்டின் வெள்ளிப் பளபளப்புக்கும் கையாளும் முறை ஏறத்தாழ ஒன்றுதான்.

வரைவதற்கு முன்பு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பொருளையும் தடவிப் பாருங்கள். தடவும்போது தோன்றும் சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதுங்கள். சொரசொர, வழவழ, பிசுபிசு, மொரமொர, சில்லென்று, நறநற என்று நம் மொழியில் இதற்குச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. என் துண்டுத்தாளில் சட்டிக்குச் ‘சொரசொர, அடியில் மாவுபோல் கரி’ என்றும், சொம்புக்கு ‘வழவழ, சில்’ என்றும், வாளைக்கு ‘மொரமொர, ஆனால் மினுக்கம்’ என்றும் இருந்தது. எந்த ஊடகத்தை எதற்கு எடுப்பது என்ற கேள்விக்கு இந்தத் துண்டுத்தாளே விடை சொல்லிவிடும். சட்டிக்கு மண்ணும் கரியும், சொம்புக்கு மெழுகும் மையும், வாளைக்குப் பென்சிலின் காரீயம் (கிராஃபைட்), அதன் படுக்கைக்கு உண்மையான செய்தித்தாள் என்று முடிவாயிற்று.

தாள்

கலப்பு ஊடகத்தில் தாள்தான் அதிகம் அடிபடும். பசை, தண்ணீர், அழுத்தித் தேய்ப்பது எல்லாவற்றையும் அது தாங்க வேண்டும். சாதாரணச் சார்ட் தாளையும் பள்ளிக்கூட டிராயிங் நோட்டையும் ஒதுக்கிவிடுங்கள். ஏ3 அளவில் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள, சற்றே சொரசொரப்பான வாட்டர்கலர் தாள் போதுமானது. புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்து வருகிறது. மரக்கூழில் செய்த செய்தித்தாள் பழுப்பேறுவதற்குக் காரணமான லிக்னின் பருத்தியில் ஏறக்குறைய இல்லை. ஆகவே பருத்திக் காகிதம் பல ஆண்டுகள் வெள்ளையாகவே இருக்கும்.

ஆனால் கைக்காகிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. வாங்கியதும் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு குமிழாகச் சிறிது நேரம் நின்றால் அந்தக் காகிதத்துக்குள் பசைப்பாகு ஏற்கெனவே இருக்கிறது, நேராக வேலையைத் தொடங்கலாம். உட்கார்ந்த உடனே ஒற்றுத்தாளில்போல் பரவினால், அதில் தீட்டும் வண்ணமெல்லாம் உள்ளே இழுக்கப்பட்டு மங்கிவிடும். அந்த வகைத் தாளுக்கு ஒரு பங்கு ஃபெவிகாலை ஐந்து பங்கு தண்ணீரில் கரைத்து, அகலத் தூரிகையால் ஒரே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்துக் காயவிட வேண்டும். சேலைக்குக் கஞ்சி போடுவதுபோல் வடிகஞ்சியையும் பூசலாம் என்று சிலர் சொல்வார்கள். பூசலாம்தான், ஆனால் அது ராமபாணப் பூச்சிக்கு நாமே இலை போட்டுப் பரிமாறுவதற்குச் சமம்.

கனம் குறைந்த தாளாக இருந்தால் பலகையில் இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் நனைத்து, பிளைவுட் பலகையில் விரித்து, தண்ணீர் தொட்டால் ஒட்டும் பழுப்புக் காகித டேப்பால் நான்கு ஓரங்களையும் ஒட்டி, பலகையைப் படுத்தவாக்கில் வைத்துக் காயவிடுங்கள். செல்லோடேப் ஈரத்தில் நிற்காது. 300 ஜி.எஸ்.எம். தாளுக்கு நான்கு கிளிப்புகளே போதும்.

கலவைத் தாள்

இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் மேலே சொன்ன குத்துவிளக்குப் படம் நாசமானதற்கு முழுக் காரணமும் இதைச் செய்யாததுதான். அதே தாளின் ஒரு துண்டில் ஐந்து நெடுக்குப் பட்டைகளை இடைவெளிவிட்டு இடுங்கள்: வெள்ளை மெழுகுவத்தி, கரித்துண்டு, இந்தியன் இங்க், காவி வண்ணம், ஆயில் பேஸ்டல். அவை நன்றாகக் காய்ந்தபின், அதே ஐந்தையும் அதே வரிசையில் குறுக்குப் பட்டைகளாக மேலே இழுங்கள். இருபத்தைந்து சந்திப்புகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் எது கீழே, எது மேலே என்பது தெரிந்திருப்பதால், ஒவ்வொரு கட்டமும் ஒரு விடையைச் சொல்லும்.

அதில் நீங்கள் காணப்போவது ஏறக்குறைய இதுதான். மெழுகின்மேல் காவித் தண்ணீர் நிற்காமல் சொட்டுச் சொட்டாகப் பிரிந்து வழியும், மெழுகு பட்ட இடம் வெள்ளையாகவே இருக்கும். கரியின்மேல் தண்ணீர் பட்டால் கரி கிளம்பிச் சாம்பல் மேகமாகப் பரவும். காய்ந்த இந்தியன் இங்கின்மேல் எதைப் பூசினாலும் அது அசையாது, ஏனென்றால் அதில் கலந்துள்ள அரக்கு காய்ந்தபின் தண்ணீரில் கரைவதில்லை. இந்தியன் இங்குக்குப் பதிலாக ஃபவுண்டன் பேனா மையைப் போட்டிருந்தால் அது தண்ணீர் பட்டதும் மீண்டும் கரைந்து ஓடும். ஆயில் பேஸ்டலின்மேல் மை முத்து முத்தாகத் திரளும், காய்ந்தபின் நகத்தால் சுரண்டினால் உதிர்ந்துவிடும்; மையின்மேல் ஆயில் பேஸ்டலோ நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆயில் பேஸ்டலின்மேல் கரி வழுக்கும். காவியின்மேல் கரி அழகாக உட்காரும். ஆக, தண்ணீரில் கரைவது முதலில், கரிபோல் உலர்ந்தது அடுத்து, எண்ணெய்ப் பசையுள்ளது கடைசியில் என்ற வரிசை தானாகவே கிடைத்துவிடுகிறது. மெழுகு மட்டும் இதற்கு விலக்கு. தண்ணீரைத் தள்ள வேண்டும் என்று தெரிந்தே நாம் அதை முன்னால் கொண்டுவருகிறோம்.

இந்தத் தாளில் விளையாட்டாக ஒன்றைச் செய்து பார்க்கலாம். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து ஒரு பட்டை இழுங்கள். அது காய்ந்ததும் வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்த நீரைத் தூரிகையால் தொடுங்கள். ஆரத்தித் தட்டின் சிவப்பு கண்முன்னே எழும். ஆனால் படத்தில் இதைப் பயன்படுத்தாதீர்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் மிக விரைவாக வெளுத்துவிடும். பாதித்தாளை அட்டையால் மூடி ஜன்னலில் சில நாள் வைத்தால் நீங்களே காண்பீர்கள்.

காவியைக் கடையில் வாங்கி வண்ணமாக்குதல்

மண்சட்டியின் நிறத்துக்குக் குப்பியில் வரும் வண்ணத்தைவிட, கோலத்துக்குக் கரை கட்டும் காவிப்பொடியே பொருத்தமானது என்பது என் துணிபு. இரும்பு கலந்த மண்ணிலிருந்து வரும் நிறம் என்பதால் அது சட்டியின் இனத்தைச் சேர்ந்தது; வெயிலிலும் மங்காது. ஆனால் கடையில் காவி என்று விற்பதெல்லாம் மண்காவி அல்ல, சாயம் ஏற்றிய பொடியும் உண்டு. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். பொடி அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிந்திருந்தால் அது மண்நிறமி. தண்ணீரே சிவப்பாக நின்றுவிட்டால் சாயம், வேண்டாம்.

நாட்டு மருந்துக் கடையில் வேலம்பிசின் கிடைக்கும். ஒரு பங்கு பிசினை இரண்டு பங்கு வெந்நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். காய்ந்தபின் வெடிக்காமலிருக்கச் சில சொட்டுத் தேனும், பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெயும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பாகைக் காவிப்பொடியோடு ஒரு கண்ணாடித் துண்டின்மேல் போட்டு, தட்டையான கல்லாலோ கத்தியின் முதுகாலோ குழைத்துக் குழைத்து, விரலில் நறநறப்பு தெரியாத அளவுக்கு அரைக்க வேண்டும். இதைச் செய்யப் பொறுமை இல்லையென்றால் கடையில் ‘பர்ன்ட் சியென்னா’ என்று கேட்டு வாங்குங்கள், அதிலும் தவறில்லை. பூசிக் காய்ந்த காவியை விரலால் தேய்த்துப் பாருங்கள். தூளாக விரலில் வந்தால் பிசின் போதவில்லை, கண்ணாடிபோல் மினுங்கினால் பிசின் மிகுந்துவிட்டது.

வெளிச்சம்

ஓவியப் புத்தகங்கள் எல்லாம் வடக்குப் பார்த்த ஜன்னலைத் தேடச் சொல்கின்றன, அங்கே நேர்வெயில் வராது என்று காரணமும் காட்டுகின்றன. அது ஐரோப்பாவுக்கு எழுதியது. கடலூரும் புதுச்சேரியும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகைக்குச் சற்றுக் கீழே இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரையில் நண்பகல் சூரியனே நமக்கு வடபக்கம் சாய்ந்துவிடுகிறது. அந்த நான்கு மாதங்களில் வடக்கு ஜன்னல் வழியே வெயில் உள்ளே வந்து நிழல்களை நகர்த்திக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் தெற்கு ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களில் வடக்கு ஜன்னல் சரி. கிழக்கு ஜன்னல்தான் இருக்கிறது என்றால் அதில் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டிவிடுங்கள். அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு திசையிலிருந்து நிழல் விழுந்தால் சொம்பின் உருட்சி போய்விடும்.

சட்டியைப் பின்னால் சற்று இடப்புறமாகவும், சொம்பை அதன் முன்னால் வலப்புறமாகவும், செய்தித்தாளை மேசை விளிம்பிலிருந்து கொஞ்சம் தொங்கும்படியும், வாளையை அதன்மேல் மூலைவாட்டாகவும் வைத்துப் பாருங்கள். தினக் காலண்டரின் அட்டையில் இரண்டு எல் வடிவத் துண்டுகளை வெட்டிச் சட்டம்போல் பிடித்துக்கொண்டு பார்த்தால் எதுவரை படத்துக்குள் வர வேண்டும் என்பது தெரியும்.

கோடு, பிறகு ஒட்டுவது

2பி பென்சிலால், அழுத்தாமல், மூன்று பொருள்களின் வெளிக்கோட்டை மட்டும் போடுங்கள். நிழல் போடக் கூடாது. சொம்பில் ஜன்னலின் பிரதிபலிப்பு விழும் இடத்தை மட்டும் மெல்லிய கோட்டால் குறித்துவையுங்கள். மெழுகு ஏறிய பிறகு அதன் அடியிலுள்ள பென்சிலை அழிக்க முடியாது.

அடுத்தது செய்தித்தாள். வரைந்த பொருளின் நடுவே உண்மையான பொருளை ஒட்டுவது இன்று பள்ளிப் பிள்ளைகளும் செய்வதுதான் என்றாலும், 1912இல் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் அசையாப்பொருள் ஓவியங்களில் இதைச் செய்தபோது அது பெரிய துணிச்சலாக இருந்தது. பிக்காசோ நாற்காலியின் பிரம்புப் பின்னல் அச்சிட்ட ஆயில்கிளாத்தை ஒட்டி, முட்டை வடிவப் படத்தைச் சுற்றி உண்மையான கயிற்றையே சட்டமாகக் கட்டினார். பிராக் மரப்பலகையின் ரேகை அச்சிட்ட சுவர்த்தாளை ஒட்டிக் கரியால் வரைந்தார். நாற்காலியின் பின்னலைப் பின்னல் அச்சே சொல்லிவிடும்போது அதை எதற்குத் தனியாக வரைய வேண்டும் என்ற கேள்வி அதில் இருக்கிறது. நம் செய்தித்தாளுக்கும் அதே கேள்வி பொருந்தும். அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைவதில் பயனில்லை, செய்தித்தாளையே ஒட்டிவிடலாம்.

ஆனால் எந்தப் பக்கத்தை ஒட்டுவது என்பதில் கவனம் வேண்டும். பெரிய தலைப்போ படமோ இருந்தால், பார்க்கிறவர் கருவாட்டைக் கண்டுகொள்ளாமல் தலைப்பைப் படிக்கத் தொடங்கிவிடுவார். சிறிய எழுத்தில் வரும் வரி விளம்பரங்களோ காய்கறி விலைப்பட்டியலோ நல்லது. அதையும் தலைகீழாக ஒட்டினால் எழுத்து மறைந்து வெறும் சாம்பல் நிற இழையாகிவிடும். இரண்டாவது கவனம், வரிகளின் திசை. மேசைமேல் கிடக்கும் செய்தித்தாளின் வரிகள் நமக்கு நேராக இருப்பதில்லை, சாய்ந்து போகின்றன. நேராக ஒட்டினால் மேசை சுவர்போல் நிமிர்ந்து நின்றுவிடும். துண்டுகளாகக் கிழித்து, வரிகளைச் சற்றே சாய்த்து ஒட்டுங்கள். தாள் பழுப்பாகும் என்று கவலைப்படுகிறவர்கள் அந்தப் பக்கத்தை நல்ல வெள்ளைத் தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டலாம். கருவாட்டின் அடியில் கிடக்கும் தாள் நாளடைவில் பழுப்பாவதில் குறை ஒன்றும் இல்லை என்று நான் விட்டுவிடுவதுண்டு.

ஒட்டுவதற்கு ஃபெவிகாலைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, தாளிலும் துண்டின் பின்புறத்திலும் மெல்லிசாகத் தடவுங்கள். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் காய்ச்சும் மைதாப் பசை மலிவானதுதான், ஆனால் பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். பசை மேற்பக்கத்தில் வழிந்தால் உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பசை காய்ந்த இடத்தில் பிறகு வண்ணத் தண்ணீர் பிடிக்காமல் திட்டுத் திட்டாக நிற்கும்.

வாளைக்கும் இப்போதே இடம் செய்ய வேண்டும். காரீயத்தின் மினுக்கம் சொரசொரப்பான தாளில் வராது, வழவழப்பான பரப்பில்தான் வரும். ஆகவே மெல்லிய ஐவரி அட்டையில் வாளையின் உருவத்தை வெட்டி, வெறுமையாகவே செய்தித்தாளின்மேல் ஒட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் விரிப்பை மேலே போட்டு, கனமான புத்தகங்களை ஏற்றி, சில மணி நேரம் விட்டுவிடலாம்.

சொம்பு: மெழுகும் மையும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1940-41இல், இலண்டன் சுரங்க ரயில் பாதைகளில் குண்டுவீச்சுக்குத் தப்பிப் படுத்திருந்த மக்களைச் சிற்பி ஹென்றி மூர் மெழுகுக் கிரேயானும் நீர்வண்ணமும் மையும் கொண்டு வரைந்தார். மெழுகு தள்ளிய இடங்களில் போர்வைகளின் மடிப்பு இருட்டிலிருந்து வெளிறித் தெரியும். அதே வேலையைத்தான் சிறிய அளவில் நம் சொம்பு கேட்கிறது. துலக்கிய பித்தளையில் மிக வெளிச்சமான இடமும் மிக இருட்டான இடமும் அடுத்தடுத்து, நடுவே தயக்கமே இல்லாமல் நிற்கின்றன. தூரிகையால் வெள்ளையை விட்டுவிட்டுத் தீட்டுவது தொடக்கத்தில் கைவராது. மெழுகு அதை நமக்காகக் காத்துக்கொள்ளும்.

மெழுகுவத்தித் துண்டைப் பிளேடால் உளிபோல் சீவிக்கொள்ளுங்கள். சொம்பின் வயிற்றில் வளைந்து தெரியும் ஜன்னல், கழுத்தின் கீழே ஒரு மெல்லிய வளையம், வாய் விளிம்பில் இரண்டு சிறு கீற்று, அவ்வளவுதான். அழுத்தித் தேய்த்துவிட்டுத் தாளைச் சாய்த்துப் பிடித்தால் மெழுகு ஏறிய இடம் வெளிச்சத்தில் பளிச்சிடும். மெழுகு தேவைக்கு மேல் போய்விட்டால் பிளேடால் சுரண்டலாம், முழுமையாகப் போகாது.

அதன்மேல் மஞ்சள் ஓக்கர் என்னும் மண்மஞ்சள் வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்துச் சொம்பு முழுவதும் ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். காய்ந்ததும் ஓரங்களில் பழுப்பு. அதுவும் காய்ந்ததும் இருண்ட பட்டைகளுக்கு இந்தியன் இங்க், பாதி தண்ணீர் கலந்து. ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சட்டியின் நிறம் சொம்பின் இடப்பக்கத்தில் சிவப்பாக விழுவதைக் கவனித்து, அங்கே ஒரு தொடுகை காவி வையுங்கள். அந்தச் சிறு சிவப்பு இல்லாவிட்டால் இரண்டு பொருள்களும் வெவ்வேறு வீட்டில் இருப்பதுபோல் தோன்றும். பொன்னிற போஸ்டர் கலரை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். பித்தளை பித்தளையாகத் தெரிவது பொன்னிறத்தால் நிகழ்வதில்லை, வெளிச்சமும் இருட்டும் மோதிக்கொள்வதால் நிகழ்கிறது. பொன்னிறப் பூச்சு உருட்சியைத் தட்டையாக்கிக் கல்யாணப் பத்திரிகையை நினைவூட்டும்.

சட்டி

காவியை முதலில் மெல்லிசாகப் பூசி, ஈரம் பாதி காய்ந்த நிலையில் அடர்த்தியான காவியை அடிப்பகுதியில் தொட்டு வையுங்கள்; அது தானாகவே மேல்நோக்கிப் படரும். நன்றாகக் காய்ந்தபின் தென்னை ஈர்க்கைச் சாய்வாகச் சீவி, இந்தியன் இங்கில் தோய்த்து, சட்டியின் விளிம்பையும் வெடிப்பையும் வரையுங்கள். ஈர்க்கு மையைச் சீராக விடாது. தொடக்கத்தில் தடித்து, போகப் போக வறண்டு, பிசிறும். நிப்புப் பேனாவுக்குக் குறையாக இருக்கும் இந்தக் குணம்தான் சட்டியின் விளிம்புக்கு வேண்டும்.

கரி கடைசியில் வரும். சட்டியின் அடியில் படிந்திருப்பது உண்மையில் கரிதானே, அதைக் கரியாலேயே போடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. கரித்துண்டைப் படுக்கவைத்துத் தேய்த்து, விரலால் மேல்நோக்கி இழுங்கள். நெருப்பு நாக்கு எந்தப் பக்கம் அதிகம் நக்கியதோ அந்தப் பக்கம் கரி உயரமாக ஏறியிருக்கும். சட்டியைத் திருப்பிப் பார்த்து அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்திரிப் பெட்டிக் கரியை முயன்று பார்த்தேன், அதிலும் கொட்டாங்கச்சிக் கரி கடினமாக இருந்து தாளைக் கீறிவிட்டது. ஓவியக் கடையில் விற்கும் மெல்லிய குச்சிக் கரியே நல்லது.

வாளை

இந்தப் பகுதிக்கு வரும்போது கையைக் கழுவிக்கொள்ளுங்கள், கரி பட்ட விரல் ஐவரி அட்டையைக் கெடுத்துவிடும். 6பி பென்சிலால் முதுகுப் பக்கம் அடர்த்தியாகவும் வயிற்றுப் பக்கம் இலேசாகவும் நிரப்பி, டிஷ்யூத் தாளால் தலையிலிருந்து வாலை நோக்கி ஒரே திசையில் தேய்த்தால், தாளைச் சாய்க்கும்போது காரீயம் உலோகம்போல் மினுங்கும். காரீயத்தின் இந்த மினுக்கத்தை வேறு இடங்களில் குறை என்று சொல்வார்கள். இங்கே அதற்காகத்தான் அதை அழைத்தோம். ரப்பரின் கூர்மையான முனையால் முதுகுத்துடுப்பின் முட்களை ஒவ்வொன்றாக உருவி எடுங்கள். கண்ணும் திறந்த வாயில் தெரியும் பற்களும் மட்டும் மையால். உப்புப் பூத்த இடங்களில் வெள்ளைப் போஸ்டர் கலரைக் கெட்டியாக எடுத்து, பல்குத்தும் குச்சியால் ஏழெட்டுப் புள்ளிகள் வையுங்கள். ஒட்டிய அட்டைக்கு உண்மையிலேயே ஒரு கனம் இருப்பதால் அதன் கீழ்விளிம்பில் இயல்பாகவே மெல்லிய நிழல் விழும். அதை ஒட்டிச் செய்தித்தாளின்மேல் கரியை இலேசாக இழுத்துவிட்டால் வாளை தாளைவிட்டு எழும்.

ஆயில் பேஸ்டலுக்கு இந்தப் படத்தில் இதுவரை நான் இடம் கொடுக்கவில்லை. சொம்பின் விளிம்பில் ஒரு வெளிர்மஞ்சள் கீற்று, அதுகூட வேண்டும் என்று தோன்றினால் மட்டும்.

எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்தான் பல படங்கள் கெடுகின்றன. நான் பின்பற்றும் வழி, படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எட்டு அடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி, ஒவ்வோர் ஊடகத்தையும் கட்டைவிரலால் மறைத்துப் பார்ப்பது. செய்தித்தாளை மறைத்தால் வாளை மிதக்கிறது, சரி, செய்தித்தாள் தேவை. ஆயில் பேஸ்டல் கீற்றை மறைத்தும் ஒன்றும் குறையவில்லையென்றால் அதைப் பிளேடால் எடுத்துவிடலாம்.

காப்பது

கரியும் காரீயமும் தொட்டால் கலையும், ஆகவே அவற்றைத் தாளில் நிலைக்க வைக்கும் ஃபிக்ஸேட்டிவ் என்ற தெளிப்பை அடிக்க வேண்டும். பிற்பகலில் கடற்காற்று எழுந்தபின் மொட்டை மாடியில் அடித்தால் பாதி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். காலையில், காற்றில்லாத திறந்த இடத்தில், மூக்கை மூடிக்கொண்டு, ஓர் அடி தூரத்திலிருந்து இரண்டு மெல்லிய பூச்சு. முதல் பூச்சு காயாமல் இரண்டாவது அடிக்கக் கூடாது. கரி சற்றுக் கருமையேறும், காரீயத்தின் மினுக்கம் சற்றுக் குறையும். ஆகவே வாளையின்மேல் ஒரு துண்டுத்தாளை வைத்து மறைத்துவிட்டு, அதற்கு ஒரே ஒரு பூச்சு மட்டும் தனியாகக் கொடுங்கள். ஹேர் ஸ்பிரே பயிற்சித் தாள்களுக்குப் போதும், வைத்துக்கொள்ள வேண்டிய படத்துக்கு வேண்டாம், நாளடைவில் மஞ்சளாகக்கூடும்.

சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி ஓரத்தில் அட்டை வைக்கச் சொல்லுங்கள்; ஆயில் பேஸ்டல் என்றைக்கும் முழுமையாகக் காயாது, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். நம் கடற்கரையில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சுவரே வியர்க்கும். அந்த மாதங்களில் படத்தை வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில், பின்னால் இரண்டு கார்க் துண்டுகள் வைத்துக் காற்றோட்டம் விட்டு மாட்டுங்கள். சட்டம் போடாத தாள்களை பட்டர் பேப்பரில் வைத்து, சிலிகா ஜெல் பொட்டலங்களோடு, தகரப் பெட்டியில் படுக்கவைக்கலாம். செருப்பு டப்பாக்களில் வரும் பொட்டலங்களைச் சேர்த்துவைத்தாலே ஆண்டுக்குப் போதும்.

அடுத்த படத்துக்குப் புதிய பொருள்களைத் தேட வேண்டாம். அதே மூன்றையும் அதே இடத்தில் வைத்து, ஊடகங்களை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள்: சட்டிக்குக் கிழித்த பழுப்புக் காகிதம், சொம்புக்குக் காரீயம், வாளைக்கு மெழுகும் மையும். கருவாடு அதற்குள் குழம்புக்குப் போயிருந்தால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வால் உடையாததாக.